சில்லுக் கம்பிகளில் ஓர் ஆவர்த்தன அட்டவணை

பழைய சைக்கிள் சில்லுக் கம்பிகள் இருபது, அவற்றின் நிப்பிள்கள், ஓரங்குலத் தடிப்பில் ஒரு வேப்பம் பலகை, துளையுள்ள பத்து மில்லிமீற்றர் மணிகள், ஒரு சோடி அரல்டைட் பசை, கொஞ்சம் சிவப்பு நூல். இவ்வளவையும் வைத்து ஐதரசன் தொடக்கம் கல்சியம் வரையான இருபது மூலகங்களின் முதலாம் அயனாக்கற் சக்தியைக் கம்பியின் உயரமாக நட்டு வைத்திருக்கிறேன். செலவு பெரிதாக இல்லை. செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக அளவுகளோடு எழுதுகிறேன். நடுவில் கொஞ்சம் இரசாயனவியலும் என்னுடைய வாதமும் வரும், பொறுத்தருளவும்.

அண்ணனின் மகள் உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிறாள். முதல் அலகே அணுவின் கட்டமைப்பு. அவளுடைய ரியூசன் குறிப்பில் இந்த அயனாக்கற் சக்தி வரைபு தீப்பெட்டி அளவுக்குப் போட்டோப்பிரதியாகி, பாதி மையிலும் பாதி ஊகத்திலும் கிடந்தது. அதன் கீழே "போரன், ஒட்சிசன் விதிவிலக்கு" என்று அடிக்கோடிட்டிருந்தாள். "சித்தப்பா, இந்தப் பள்ளங்களில் எது சோதனைக்கு வரும்?" என்று கேட்டாள். விதிவிலக்கு என்ற சொல்தான் எனக்கு உறுத்தியது. அந்தப் பள்ளங்கள் இல்லாவிட்டால் அணுவுக்குள் என்ன இருக்கிறது என்பதில் பாதி நமக்குத் தெரியாமலே போயிருக்கும். அதைத் தொட்டுப் பார்க்கும்படி செய்து காட்ட வேண்டும் என்று தோன்றியது.

அயனாக்கற் சக்தி என்பது, வாயு நிலையில் இருக்கும் ஒரு மூல் (அணுக்களை எண்ண இரசாயனவியலில் வைத்திருக்கும் ஒரு பெரிய எண்ணிக்கை) அணுக்களிலிருந்து அணுவுக்கு ஓர் இலத்திரன் வீதம் பிடுங்கி எடுக்க வேண்டிய சக்தி. உயரமான கம்பி என்றால் இறுகப் பிடித்திருக்கும் இலத்திரன். குட்டைக் கம்பி என்றால் தளர்ந்த பிடி.

சில்லுக் கம்பியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் புரி. மரக்குச்சியோ மூங்கிலோ வெட்டினால் வெட்டியதுதான். ஒரு மில்லிமீற்றர் கூடினால் அரத்தால் ராவிக்கொண்டிருக்க வேண்டும். சில்லுக் கம்பியின் ஒரு முனையில் புரி இருக்கிறது, நிப்பிளுக்குள் திருகினால் இறங்கும், எதிர்ப்புறம் திருகினால் ஏறும். இரண்டு மில்லிமீற்றர்க் கம்பியில் அங்குலத்துக்கு 56 புரி. ஆகவே ஒரு முழுச் சுற்றுக்குக் கம்பி ஏறத்தாழ 0.45 மில்லிமீற்றர் நகரும். இதைவிட நுட்பமான உயரமானி யாழ்ப்பாணத்தில் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது. பழைய 28 அங்குலச் சைக்கிளின் பின்சில்லில் 40 கம்பிகள் இருக்கும். ஒரு சில்லைக் கழற்றினால் இரண்டு பலகைக்குப் போதும். எங்கள் ஒழுங்கைச் சந்தியிலுள்ள சைக்கிள் திருத்தும் கடையில், றிம் வளைந்து மூலையில் சாத்தியிருந்த ஒரு சில்லையே கேட்டு வாங்கினேன். "இதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் அண்ணை?" என்றார் கடைக்காரர். ஆவர்த்தன அட்டவணை என்றதும் மேற்கொண்டு கேட்கவில்லை.

துருப்பிடித்த நிப்பிள்களைக் கழற்றுவதற்கு முதல்நாள் இரவே மண்ணெண்ணெய் விட்டு ஊற வையுங்கள். அவசரப்பட்டுத் திருகினால் புரி அழிந்துவிடும். நமக்கு வேண்டியது அந்தப் புரிதான்.

பலகைக்குப் பனஞ்சிலாகைத் துண்டு ஒன்றை எடுக்கத்தான் முதலில் ஆசை. கறுத்த வைரமும் வரியும் பார்க்க அழகு. ஆனால் பனையின் நார் இரும்பு மாதிரி இறுகியது, இடையிலுள்ள சோற்றி மிருதுவானது. மெல்லிய துளையூசி நாரில் பட்டுச் சறுக்கிப் பக்கத்திலுள்ள சோற்றிக்குள் போய்விடும். இருபது துளையும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. வேம்பு அப்படிப் படுத்தாது, பூச்சியும் அண்டாது. அறுபத்துநான்கு சென்ரிமீற்றர் நீளத்துக்கு அறுத்து, நடுவில் பென்சிற் கோடு போட்டு, மூன்று சென்ரிமீற்றர் இடைவெளியில் இருபது புள்ளி குறித்தேன்.

துளையிடுவதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் மேலிருந்து கீழ்வரை 2.5 மில்லிமீற்றர்த் துளை. பிறகு பலகையைக் கவிழ்த்து அதே துளையைக் கீழ்ப்பக்கத்திலிருந்து 4 மில்லிமீற்றராக அகலப்படுத்த வேண்டும்; 12 மில்லிமீற்றர் ஆழம் வரை மட்டும். துளையூசியில் அந்த ஆழத்துக்குக் காகித நாடா ஒட்டிக்கொண்டால் கை தானாக நிற்கும். அகன்ற பாதியில் நிப்பிள் உட்காரும், ஒடுங்கிய பாதி கம்பியை ஆடாமல் பிடிக்கும். நிப்பிளை அரல்டைட் பூசிச் செருகும்போது கம்பியையும் அதற்குள் திருகி வைத்துக்கொள்ளுங்கள், கம்பியின் புரியில் வாசலின் தடவியபின். இல்லாவிட்டால் பசை புரிக்குள் இறங்கி, ஏற்றி இறக்கும் வசதி போய்விடும். இரவு முழுவதும் காயவிட்டு மறுநாள் கம்பியைக் கழற்றினால் நிப்பிள் பலகையிலேயே நின்றுவிடும்.

அளவுத்திட்டம்: 100 கிலோயூலுக்கு (கிலோயூல் சக்தியின் அலகு) ஒரு சென்ரிமீற்றர். பலகைக்கு மேலே தெரிய வேண்டிய உயரங்கள் சென்ரிமீற்றரில் இவை. ஐதரசன் 13.1, ஈலியம் 23.7. இலிதியம் 5.2, பெரிலியம் 9.0, போரன் 8.0, காபன் 10.9, நைதரசன் 14.0, ஒட்சிசன் 13.1, புளோரீன் 16.8, நியோன் 20.8. சோடியம் 5.0, மகனீசியம் 7.4, அலுமினியம் 5.8, சிலிக்கன் 7.9, பொசுபரசு 10.1, சல்பர் 10.0, குளோரீன் 12.5, ஆகன் 15.2. பொற்றாசியம் 4.2, கல்சியம் 5.9. பலகைக்குள் போகும் பகுதிக்காக ஒவ்வொன்றுக்கும் 2.2 சென்ரிமீற்றர் கூட்டி, வளைந்த கொண்டைப் பக்கத்தில் வெட்டுங்கள். ஈலியத்துக்கே 26 சென்ரிமீற்றர்தான் வேண்டும். 28 அங்குலச் சில்லின் கம்பியில் அது தாராளமாகக் கிடைக்கும். வெட்டிய முனையை அரத்தால் மழுக்கி மணியைக் கோத்து ஒட்ட மறக்க வேண்டாம். மேலே பார்த்து நிற்கும் இருபது கம்பி முனைகள், குனிந்து பார்க்கும் பிள்ளையின் கண்ணுக்கு ஆபத்து. மணியின் மேல்விளிம்பும் கம்பியின் நுனியும் ஒரே மட்டமாக இருக்கட்டும்.

மணிகளின் நிறத்தைக் கூட்டத்துக்கு, அதாவது அட்டவணையில் மேலிருந்து கீழாக வரும் வரிசைக்கு, ஒன்றாக வைத்தேன். கார உலோகங்களுக்கு (இலிதியம், சோடியம், பொற்றாசியம்) சிவப்பு, அலசன்களுக்கு (புளோரீன், குளோரீன்) பச்சை, விழுமிய வாயுக்களுக்கு (ஈலியம், நியோன், ஆகன்) ஊதா, இப்படி. ஐதரசன்தான் தொல்லை. அட்டவணையில் இலிதியத்தின் தலைக்கு மேல் அதைப் போடுகிறோம்; பலகையிலோ இலிதியம் 5.2, ஐதரசன் 13.1. சிவப்புக் குடும்பத்தில் சேர்க்க மனம் வரவில்லை. வெள்ளை மணி போட்டுத் தனியாக விட்டேன்.

கடைசித் திருத்தம் கையால். அடிமட்டத்தைக் கம்பியோடு நிறுத்திப் பிடித்து, கூடினால் வலஞ்சுழியாகத் திருகி இறக்க வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு இரண்டொரு சுற்றுப் போதும். பொசுபரசும் சல்பரும்தான் பொறுமையைச் சோதிக்கும் சோடி. ஒன்று 1012 கிலோயூல், மற்றது 1000. வித்தியாசம் 1.2 மில்லிமீற்றர், இரண்டரைச் சுற்றுக்குச் சற்று மேல். இந்த 1.2 மில்லிமீற்றரை விட்டுவிட்டால் பலகை செய்ததில் அர்த்தமில்லை. வேணியர் இடுக்கிமானியின் ஆழக்கோலைப் பலகையில் ஊன்றி முதலில் பொசுபரசைச் சரிப்படுத்தினேன். பிறகு சல்பரை அதே உயரத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு மணிகளின் மேலும் அடிமட்டத்தைப் படுக்கவைத்து, அங்கிருந்து சல்பரை எண்ணி இறக்கினேன். அடிமட்டம் சல்பர்ப் பக்கம் லேசாகச் சரிந்தது. தடவினாலும் விரலுக்குத் தெரிகிறது. ஐதரசனையும் ஒட்சிசனையும் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 1312க்கும் 1314க்கும் உள்ள 0.2 மில்லிமீற்றர் அரைச் சுற்றுக்கும் குறைவு.

இனி நூல். ஐதரசனில் முடிச்சுப் போட்டு, ஒவ்வொரு மணிக்கும் அடியில் ஒரு சுற்றுச் சுற்றி, கல்சியம் வரை இழுத்துக் கட்டுங்கள். கண்ணைப் பலகை மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பாருங்கள். ஈலியத்திலிருந்து இலிதியத்துக்கு நூல் 18 சென்ரிமீற்றருக்கு மேல் விழுகிறது. நியோனிலிருந்து சோடியத்துக்குக் கிட்டத்தட்ட 16. ஆகனிலிருந்து பொற்றாசியத்துக்கு 11. மூன்று இடத்தில் மட்டும் இப்படியான வீழ்ச்சி. மூன்றிலும் ஊதா மணியிலிருந்து சிவப்பு மணிக்கு. ஒரு சக்தி மட்டம் முடிந்து, அடுத்த இலத்திரன் வெளியே புதிய மட்டத்தில் குடியேறுகிறது. அது கருவிலிருந்து தூரம். உள்ளே இருக்கும் இலத்திரன்கள் கருவின் இழுப்பை அதனிடமிருந்து மறைக்கின்றன. அதனால்தான் பிடி இவ்வளவு தளர்கிறது. ஆவர்த்தனம் என்பதே இந்த மூன்று வீழ்ச்சிகளின் திரும்பத் திரும்ப வருதல். சிவப்பு மணிகளை மட்டும் பார்த்தால் 5.2, 5.0, 4.2 என்று கீழிறங்குகின்றன: கூட்டத்தில் கீழே போகப் போகத் தூரம் கூடுகிறது.

இவ்வளவும் எந்தப் பாடக்குறிப்பிலும் இருக்கும். நான் காட்ட விரும்பியது இரண்டு வீழ்ச்சிகளுக்கு இடையே உள்ளதை. அண்ணனின் மகளை இலிதியத்தில் விரலை வைத்து நூலோடு போகச் சொன்னேன். இலிதியம், பெரிலியம் என்று ஏறியது, போரனில் இறங்கியது. போரன், காபன், நைதரசன் என்று ஏறியது, ஒட்சிசனில் இறங்கியது. ஒட்சிசன், புளோரீன், நியோன் என்று ஏறி, பிறகு பெரிய வீழ்ச்சி. எத்தனை எத்தனையாக ஏறியது என்று கேட்டேன். இரண்டு, மூன்று, மூன்று என்றாள். சோடியத்திலிருந்து மறுபடி போகச் சொன்னேன். சோடியம், மகனீசியம், அலுமினியம், சிலிக்கன், பொசுபரசு, சல்பர், குளோரீன், ஆகன். மறுபடியும் இரண்டு, மூன்று, மூன்று. சல்பரில் விரல் நின்றது, அந்த 1.2 மில்லிமீற்றர்.

சாதாரண தரத்தில் எட்டு என்று ஒரே மூச்சில் படித்ததைப் பலகை இப்படிப் பிரித்துப் போடுகிறது. எட்டு இலத்திரன்களும் ஒரே தரத்தில் இருந்திருந்தால் புரோத்தன் கூடக்கூட நூல் ஒரே சீராக ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. ஒரு சக்தி மட்டத்துக்குள்ளேயே எஸ், பி என்று உட்பிரிவுகள் உண்டு, அவைதான் உபசக்தி மட்டங்கள். முதல் இரண்டும் எஸ் உபசக்தி மட்டத்தில் இருக்கின்றன. போரனின் ஐந்தாம் இலத்திரன் பி உபசக்தி மட்டத்துக்குப் போகிறது. அது சற்று உயர்ந்த சக்தியில் இருப்பதாலும், எஸ் இலத்திரன்கள் கருவைக் கொஞ்சம் மறைப்பதாலும், ஒரு புரோத்தன் கூடியிருந்தும் பிடி தளர்கிறது. பி மட்டத்தில் மூன்று ஓபிற்றல்கள், அதாவது ஒவ்வொன்றிலும் இரண்டு இலத்திரன் வரை இருக்கக்கூடிய மூன்று இடங்கள். போரன், காபன், நைதரசன் மூன்றிலும் ஆளுக்கொன்றாகத் தனித்தனியே இருக்கலாம். ஒட்சிசனில் நான்காவது வந்து, ஏற்கெனவே ஒன்று இருக்கும் ஓபிற்றலிலேயே இணையாக அமர வேண்டும். இரண்டு மறையேற்றங்கள் அவ்வளவு நெருக்கத்தில் ஒன்றையொன்று தள்ளுகின்றன. அந்தத் தள்ளல், பிடுங்குகிறவனுக்கு உதவி.

இந்த இடத்தில் எங்கள் ரியூசன் வழக்கத்தோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. "நைதரசனில் பி மட்டம் அரைவாசி நிரம்பியிருப்பதால் உறுதி கூடியது" என்று எழுதினால் புள்ளி கிடைக்கிறது. கேள்வியில் இருந்ததையே விடையில் திருப்பி எழுதியிருக்கிறோம், அவ்வளவுதான். ஏன் உறுதி என்று கேட்டால் பதில் இல்லை. இணையாக அமரும் இலத்திரனின் தள்ளல் என்று எழுதினால் காரணம் கிடைத்துவிடுகிறது. அதற்கும் புள்ளி உண்டு.

இன்னொரு சண்டை "சோடியம் இலத்திரனை விரும்பிக் கொடுக்கிறது" என்பதோடு. பலகையில் பூச்சிய உயரத்தில் ஒரு கம்பியும் இல்லை. மிகக் குட்டையான பொற்றாசியத்துக்கே 419 கிலோயூல் செலவழித்தால்தான் இலத்திரன் கிடைக்கும். சோடியத்துக்கு 496. அதைக் குளோரீன் வாங்கிக்கொள்ளும்போது 349தான் திரும்பக் கிடைக்கிறது. கணக்குப் பார்த்தால் இன்னும் 147 நட்டம். அயன்கள் ஒன்றையொன்று இழுத்துத் திண்மச் சாலகமாக அடுக்குப்படும்போது வெளிவரும் 780க்கும் மேற்பட்ட கிலோயூல்தான் அந்த நட்டத்தை அடைத்து மிச்சமும் வைக்கிறது. ஆனையிறவு உப்பளத்தில் குவியும் உப்பைச் சேர்த்து வைத்திருப்பது அந்த அடுக்குத்தான், சோடியத்தின் தாராள மனம் ஒன்றுமில்லை.

அப்படியானால் சோடியம் ஒன்றோடு ஏன் நின்றுவிடுகிறது, இன்னொன்றையும் இழந்தால் என்ன என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. இரண்டாவது இலத்திரனுக்கு 4562 கிலோயூல் வேண்டும். எங்கள் அளவில் 45.6 சென்ரிமீற்றர். சில்லுக் கம்பி அவ்வளவு நீளம் இல்லை. விளக்குமாற்றிலிருந்து ஒரு தென்னை ஈர்க்கை உருவி, வெட்டி, சோடியத்துக்குப் பின்னால் நட்டேன். முன்னால் ஐந்து சென்ரிமீற்றர்க் கம்பி, பின்னால் ஈலியத்தையும் தாண்டி இரண்டு மடங்கு நெருங்க நிற்கும் ஈர்க்கு. முதல் இலத்திரன் வெளி மட்டத்திலிருந்து வந்தது. இரண்டாவது, நியோனைப் போல நிரம்பி நிற்கும் உள்மட்டத்தை உடைத்து வரவேண்டும். கல்சியத்துக்கும் அதே கதை, ஒரு படி தள்ளி: முதலாவதுக்கு 590, இரண்டாவதுக்கு 1145, மூன்றாவதுக்கு 4912. வலிகாமத்தில் சுண்ணக்கல்லுக்குள் ஊறி வரும் கிணற்று நீரைக் கொதிக்க வைத்துக் கொதிக்க வைத்துக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுகிறதே, அந்தக் கல்சியம் காபனேற்றில் கல்சியம் எப்போதும் இரண்டு இலத்திரன் இழந்ததாகவே இருப்பதற்கு அந்த மூன்றாவது எண்தான் காரணம். வலுவளவு (ஓர் அணு சேரும்போது எத்தனை இலத்திரனை இழக்கும், வாங்கும் அல்லது பகிரும் என்பது) என்று மனப்பாடம் செய்வதெல்லாம் இந்த உயரங்களில் இருந்து வருவது.

கம்பிகள் கழற்றிப் பூட்டக்கூடியவை என்பதால் வரலாற்றையும் கொஞ்சம் விளையாடிப் பார்க்கலாம். ஈலியம், நியோன், ஆகன் மூன்றையும் கழற்றுங்கள். ருஷ்ய இரசாயனவியலாளர் மெண்டலீவ் 1869இல் அட்டவணையை வெளியிட்டபோது தெரிந்திருந்தவை 63 மூலகங்கள். இந்த மூன்றும் அதில் இல்லை. ஆகன் 1894இல் வந்தது, பூமியில் ஈலியம் பிடிபட்டது 1895இல், நியோன் 1898இல். மிக உயர்ந்த மூன்று சிகரங்களும் இல்லாமலே நூல் புளோரீனிலிருந்து சோடியத்துக்கும் குளோரீனிலிருந்து பொற்றாசியத்துக்கும் விழுகிறது. அலை அப்படியே இருக்கிறது. மெண்டலீவிடம் இந்த எண்கள் இருக்கவில்லை. அவர் பார்த்தது அணுத்திணிவையும் சேர்வைகளின் வலுவளவையும். ஜேர்மன் இரசாயனவியலாளர் லோதர் மேயர் 1870இல் அணுக் கனவளவை வரைபாக்கி இதே மாதிரி ஏறி இறங்கும் ஒரு கோட்டைக் கண்டார். எதை அளந்தாலும் அதே இடைவெளியில் அலை வருவதுதான் அட்டவணையை நம்ப வைக்கிறது.

மூன்றையும் திரும்பப் பூட்டி, இப்போது ஆகனையும் பொற்றாசியத்தையும் இடம் மாற்றுங்கள். ஆகனின் சார் அணுத்திணிவு 39.95, பொற்றாசியத்தினது 39.10, திணிவின்படி அடுக்கினால் பொற்றாசியம்தான் முன்னுக்கு வரவேண்டும். நூல் குளோரீனிலிருந்து கீழே விழுந்து, ஆகனுக்கு எழும்பி, கல்சியத்துக்கு மறுபடி விழும். அதுவரை ஒழுங்காக நின்ற வேலியில் யாரோ ஒரு கதியாலைப் பிடுங்கித் தப்பான இடத்தில் நட்டதுபோல் கண்ணை உறுத்தும். சரியான வரிசை எது என்று உறுதிப்படுத்தியவர் ஆங்கிலேய பௌதிகவியலாளர் மோஸ்லி. 1913இல் மூலகங்கள் வெளிவிடும் எக்ஸ் கதிர்களின் மீடிறனை (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பதை) அளந்து, வரிசையைத் தீர்மானிப்பது கருவின் ஏற்றம் என்று காட்டினார். அதாவது புரோத்தன்களின் எண்ணிக்கை: ஆகன் 18, பொற்றாசியம் 19. அதற்கு இரண்டு வருடம் கழித்து, 27 வயதில், கலிப்பொலிப் போர்முனையில் கொல்லப்பட்டார்.

பராமரிப்புக்கு ஒரு சொல். கடற்காற்று படும் ஊர்; அரத்தாளால் தேய்த்து மினுக்கிய கம்பி மாரி தொடங்க முன்பே மறுபடி சிவக்கும். மணி ஒட்டுவதற்கு முன் தெளிந்த வார்னிஷ் ஒரு பூச்சுப் பூசிவிடுங்கள், புரியில் படாமல்.

சில்லில் இன்னும் இருபது கம்பிகள் மிச்சம். அடுத்த பலகையை ஸ்கண்டியத்திலிருந்து கிரிப்தன் வரை, 21 தொடக்கம் 36 வரை நீட்டப் போகிறேன். ஸ்கண்டியம் 6.3, தைத்தானியம் 6.6 என்று தொடங்கி, இரும்பு 7.6, செம்பு 7.5, நாகம் 9.1 வரை பத்துக் கம்பிகள் பெரிய ஏற்ற இறக்கமில்லாமல் வரும்; கூடும் இலத்திரன்கள் உள்ளே டி உபசக்தி மட்டத்துக்குப் போக, நாம் பிடுங்குவது வெளியே இருக்கும் எஸ் இலத்திரனை. நாகத்தை அடுத்து 31ஆவதாகக் கலியம், 5.8. மெண்டலீவ் அலுமினியத்துக்குக் கீழே வெறும் கட்டம் விட்டு, எக்கா அலுமினியம் என்று பெயரும் வைத்துக் காத்திருந்த மூலகம் அது, 1875இல் கிடைத்தது. அலுமினியத்தின் கம்பியும் 5.8தான். அந்த இரண்டுக்கும் ஒரே பெட்டியிலிருந்து ஒரே நிற மணி எடுத்து வைத்திருக்கிறேன். வேப்பம் பலகைதான் இன்னும் அறுக்க வேண்டும்.